பவளத் தொட்டியில் யாரோடு யாரை விடலாம்?

வீட்டு ஹாலில் ஆறடி நீளத்துக்கு ஒரு கடல்நீர்த் தொட்டி வைக்கப்போகிறீர்கள். அதில் மீனும் பவளமும் சேர்ந்து வாழ வேண்டும் என்பது உங்கள் ஆசை. அடையாறிலோ தி.நகரிலோ யாரோ ஒருவர் வீட்டில் பார்த்து வந்த ஆசையாக இருக்கும். அதில் தவறில்லை. சரி, முதலில் எதை வாங்குவது?

இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். ஒரு தாளில் உங்கள் தொட்டிக்கு என்னென்ன பவளம் வேண்டும் என்று எழுதுங்கள். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மீன் பட்டியலை எழுதுங்கள். கடைக்குப் போனால் கண்ணில் படுவது மீன்தான், அதனால் எல்லோரும் மீனில் தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் மீனுக்கும் பவளத்துக்கும் தகராறு என்றால் தோற்பது பெரும்பாலும் பவளம். அதனால் ஓடி ஒளிய முடியாது.

பவளம் கல்லா, செடியா? இரண்டும் இல்லை, விலங்கு. பாலிப் (வாயும் சிறு கைகளும் கொண்ட குட்டி உயிர்) ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழும் குடியிருப்புதான் நாம் பார்க்கும் பவளம். பெரும்பாலான பவளங்களின் உடலுக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. அது ஒளியில் உணவு தயாரித்துப் பவளத்துக்கும் கொடுக்கிறது. பவளத் தொட்டிக்குச் சாதாரண டியூப் லைட் போதாமல் போவது இதனால்தான்.

கடையில் நின்றால் முதல் கேள்வி, "சாஃப்டா, ஹார்டா சார்?" என்றுதான் வரும். வித்தியாசம் என்ன? வன்பவளம் (ஹார்ட் கோரல்) தனக்கடியில் சுண்ணாம்பு எலும்புக்கூடு கட்டிக்கொள்ளும், தொட்டால் கல் மாதிரி இருக்கும். மென்பவளத்துக்கு (சாஃப்ட் கோரல்) அந்தக் கல்கூடு கிடையாது. தோல் போலவும் ரப்பர் போலவும் வளைந்து கொடுக்கும்.

இந்தியாவில் வசிக்கும் உங்களுக்கு இது அழகு சார்ந்த தேர்வு மட்டும் இல்லை. சட்டமும் இதற்குள் வருகிறது. பாறைத்திட்டு கட்டும் வன்பவளங்கள் அத்தனையும், கறுப்புப் பவளம், நெருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல் விசிறி ஆகியவற்றோடு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. 2001-இல் இவை சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. மீறினால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை, அதோடு குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். கடற்குதிரை, கடல் அட்டை, ராட்சதச் சிப்பி ஆகியவற்றுக்கும் இதே கதைதான்.

அதாவது யூடியூபில் பார்த்து மயங்கும் டார்ச், ஹாம்மர், அக்ரோபோரா, மூளைப் பவளம் எல்லாமே வன்பவளங்கள். உங்கள் தாளில் அவை இருந்தால் இப்போதே அடித்துவிடுங்கள்.

"செத்த பவளம்தானே, அலங்காரத்துக்கு வைத்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. செத்ததும் அடக்கம். வெள்ளைவெளேரென்று வெயிலில் உலர்த்தி விற்கும் பவளக்கிளையை வாங்கி வைப்பதும் குற்றம். கடலிலிருந்து பெயர்த்தெடுத்த 'லைவ் ராக்' (உயிரிகள் குடியேறிய பாறைத்துண்டு) என்று விற்பதிலும் பாதி பழைய பவளக்கல்லாக இருக்கலாம். உங்கள் தொட்டிக்குச் செயற்கையாகச் செய்த செராமிக் பாறையோ, மீன் தொட்டிக்கென்றே வார்த்த சிமென்ட் பாறையோ போதும். ஆறு மாதத்தில் பாசி படர்ந்து நிறம் மாறிவிடும். அதன்பின் வித்தியாசம் உங்களுக்கே தெரியாது.

"அது வெளிநாட்டுச் சரக்கு சார், இந்தோனேசியா" என்று கடைக்காரர் சொன்னால்? வன்பவளங்கள் எல்லாமே சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை) பட்டியலிலும் இருக்கின்றன. அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. 2022-இல் திருத்தப்பட்ட நம் சட்டம் அந்தப் பட்டியலையும் உள்ளே கொண்டுவந்துவிட்டது. அதில் உள்ள உயிர்களை வைத்திருப்பவர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். சிறு பாலிதீன் பையில் ஒரு துண்டை வாங்கும்போது அந்தக் காகிதமெல்லாம் உங்கள் கைக்கு வருமா? பெரும்பாலும் வராது. காகிதம் இல்லாமல், அது மன்னார் வளைகுடாவில் உடைத்தது இல்லை என்று உங்களால் நிரூபிக்கவும் முடியாது.

சட்டம் ஏன் இவ்வளவு கறார்? ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. 1986-இல் அவற்றைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். சுண்ணாம்புக்காகவும் கட்டடக் கல்லுக்காகவும் பல பத்தாண்டுகள் பவளக்கல்லை வெட்டி எடுத்ததில் அலைக்குத் தடுப்பு இல்லாமல் போய், விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. மீதி இருப்பதைக் காப்பாற்றத்தான் இந்தக் கறார். எனக்கு இதில் குறை சொல்லத் தோன்றவில்லை.

அப்படியானால் உங்கள் தாளில் மிஞ்சுவது என்ன? நிறையவே மிஞ்சுகிறது. தோல் பவளம் எனப்படும் லெதர் கோரல் வகைகள், காளான் பவளம் (மஷ்ரூம்), பொத்தான் மாதிரி கொத்தாக வளரும் சோவாந்திட், விரல்களை மூடி மூடித் திறப்பதுபோல் துடிக்கும் ஸீனியா. வன்பவளப் பட்டியலில் இவை இல்லை. அதற்காக மன்னார் வளைகுடாக் கரையில் உள்ள மண்டபம் போய் நீங்களே பெயர்த்து வரலாம் என்று நினைத்துவிடாதீர்கள். தேசியப் பூங்காவுக்குள் எதையும் எடுக்கக் கூடாது. வேறொருவர் தொட்டியில் வளர்ந்து, வெட்டிப் பிரித்த துண்டு கிடைத்தால் அதுவே நல்லது. தொட்டி வாழ்க்கைக்கு ஏற்கெனவே பழகியிருக்கும், விலையும் குறைவு.

எளிதானவை என்பதால் இவை ஒன்றோடொன்று சமர்த்தாக இருக்குமா? இருக்காது. பக்கத்து வீட்டுக்காரரோடு பேசாமலே சண்டை போடுபவர்கள் போல, தோல் பவளங்கள் தண்ணீரில் ரசாயனத்தைக் கசியவிட்டுச் சுற்றியிருப்பவற்றின் வளர்ச்சியை முடக்கும். ஆக்டிவேட்டட் கார்பனை (கரித்துகள் வடிகட்டி) ஒரு பையில் போட்டு நீரோட்டத்தில் வைத்து மாதம் ஒருமுறை மாற்றினால் இந்தத் தொல்லை பெருமளவு அடங்கும். ஒவ்வொரு பவளத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். இன்று அது காலியிடமாகத் தெரியும், அடுத்த வருஷம் தெரியாது.

ஸீனியாவை மட்டும் மற்ற பாறைகளைத் தொடாத ஒரு தனிப் பாறையில் வையுங்கள். படர ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம். காளான் பவளமும் ஏறக்குறைய அப்படித்தான்.

வாங்கிவந்த சில வாரத்தில் தோல் பவளம் திடீரென்று சுருங்கிப்போகும். பாலிப்புகள் எல்லாம் உள்ளே போய், மேலே மெழுகு பூசியதுபோல் ஒரு பளபளப்பு வரும். நாலைந்து நாள், சில சமயம் ஒரு வாரத்துக்கு மேலும் இப்படியே இருக்கும். செத்துவிட்டது என்று எடுத்து எறிந்துவிடாதீர்கள். அது தோல் உரிக்கிறது. கொஞ்சம் நீரோட்டம் படும்படி வைத்தால் அந்த மெழுகுப் படலம் கிழிந்து போய்விடும், அடுத்த நாளே பாலிப்புகள் வெளியே வரும்.

சோவாந்திட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதன் சில இனங்களில் பாலிடாக்ஸின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. வெறுங்கையால் வெட்டாதீர்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். அது ஒட்டிய பாறையைச் சுத்தம் செய்கிறேன் என்று ஒருபோதும் வெந்நீரில் கொதிக்க வைக்காதீர்கள். ஆவியை மூச்சில் இழுத்து வெளிநாடுகளில் குடும்பம் குடும்பமாக மருத்துவமனையில் சேர்ந்திருக்கிறார்கள். வீட்டில் குழந்தைகள் தொட்டிக்குள் கைவிடும் பழக்கம் இருந்தால் சோவாந்திட்டே வேண்டாம்.

இனி மீன். பவளத்தைத் தின்னாத மீனை எப்படித் தெரிந்துகொள்வது? வாயைப் பாருங்கள். பவளத்தைக் கொறிக்கவென்றே அமைந்த வாய்கள் உண்டு. வண்ணத்துப்பூச்சி மீனின் (பட்டர்ஃபிளை) மூக்கு நீண்டு கூர்ந்திருக்கும். பாலிப்பை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தின்ன அது வசதி. கிளிமீனின் பல் அலகாகவே மாறிவிட்டது, கல்லோடு சேர்த்துச் சுரண்டும். பேத்தைக்கும் ட்ரிக்கருக்கும் ஓட்டை உடைக்கும் பல். பவளத்தை விட்டாலும் இறாலையும் நத்தையையும் விடாது. ஏஞ்சல் மீன்களில் பெரியவை சோவாந்திட்டையும் தோல் பவளத்தையும் ருசி பார்க்கும். குட்டை ஏஞ்சலில் சில மீன் தொடாது, சில மீன் ஒரு வருஷம் தொடாமல் இருந்துவிட்டுப் பிறகு தொடும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. நம் கடலில் பிடிபட்டு நம் கடைகளுக்கு எளிதாக வரும் மீன்களில் பல, இந்தத் தடைப்பட்டியலில்தான் வருகின்றன. வண்ணத்துப்பூச்சி மீன், பிக்காசோ ட்ரிக்கர், பேத்தை. விலையும் கட்டுப்படியாகும், பார்க்கவும் கண்ணைப் பறிக்கும். அவற்றை வளர்க்க ஆசை என்றால் வளருங்கள், ஆனால் பவளமில்லாத மீன் தொட்டியாக. இரண்டையும் ஒரே தொட்டியில் எதிர்பார்க்காதீர்கள்.

'ரீஃப் சேஃப்' என்று சொல்லி விற்றால் நம்பலாமா? அந்தச் சொல் பவளத்துக்கு ஆபத்தில்லை என்று மட்டும்தான் சொல்கிறது. லயன் ஃபிஷ் பவளத்தைத் தொடாது. வாய்க்குள் அடங்கும் எந்த மீனையும் மறுநாள் காலையில் காணோம் ஆக்கிவிடும். களவாக் குஞ்சும் அப்படியே. கொம்பு வைத்த மஞ்சள் மாட்டு மீன் (கௌ ஃபிஷ்) அப்பாவிபோல் தெரியும். பயந்துபோனாலோ செத்தாலோ உடலிலிருந்து நஞ்சைக் கக்கி மொத்தத் தொட்டியையும் காலி செய்யக்கூடியது.

சரி, யாரை விடலாம்? ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். கொள்ளளவு சுமார் 680 லிட்டர். இதற்கு என் தேர்வு இப்படி இருக்கும்.

ஒரு ஜோடி கோமாளி மீன், அதாவது 2003-இல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்துக்குப் பிறகு எல்லோரும் நீமோ என்று கேட்டு வாங்கும் க்ளௌன். கோமாளி மீன்கள் முதலில் எல்லாமே ஆண்கள். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். ஆகவே ஒன்று பெரிது, ஒன்று சிறிதாக இரண்டு குஞ்சு வாங்கினால் தானாக ஜோடி சேரும். மூன்றாவது வேண்டாம், அதை அடித்தே கொன்றுவிடும். கடலில் பிடித்ததை வாங்க அவசியமே இல்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பரங்கிப்பேட்டையிலும் இவற்றைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை எப்போதோ கைக்குள் கொண்டுவந்துவிட்டன. வளர்ப்புக் குஞ்சு போட்ட தீனியை முதல் நாளே தின்னும்.

க்ளௌன் இருந்தால் கடல் சாமந்தி (அனிமோன்) வேண்டாமா? வேண்டாம். அது இல்லாமலே சந்தோஷமாக இருக்கும். பல சமயம் தோல் பவளத்தையே வீடாக்கிக்கொள்ளும். சாமந்தி இடம் மாறி நடக்கும், போகும் வழியில் உள்ள பவளத்தையெல்லாம் கொட்டும். ராத்திரியில் நடந்து அலை உண்டாக்கும் பம்புக்குள் சிக்கிக்கொண்டால் காலையில் மொத்தத் தண்ணீரும் கெட்டிருக்கும். நம் கரையோரம் கிடைக்கும் கம்பளச் சாமந்தியோ சிறு மீனைப் பிடித்துத் தின்றுவிடும்.

அடுத்து ஓர் உளுவை (கோபி), கூடவே ஒரு துப்பாக்கி இறால் (பிஸ்டல் ஷ்ரிம்ப்). இந்தக் கூட்டணியைப் பார்ப்பதற்காகவே தொட்டி வைக்கலாம். இறாலுக்குக் கண்பார்வை மட்டு. நாள் முழுக்க மணலைத் தோண்டி வளை கட்டும். உளுவை வாசலில் காவல் நிற்கும். வெளியே வரும்போதெல்லாம் இறாலின் மீசை ஒன்று உளுவையின் மேல் பட்டுக்கொண்டே இருக்கும். ஆபத்து என்றால் உளுவை வாலை ஒரு சிலிர்ப்புச் சிலிர்க்கும், இறால் பின்பக்கமாகவே உள்ளே போய்விடும். பாறைகளை மணல்மேல் வைக்காமல் கண்ணாடித் தரையில் நேராக ஊன்றுங்கள். இல்லாவிட்டால் இறால் தோண்டத் தோண்டப் பாறை சரியும்.

மூன்று நான்கு கார்டினல் மீன், பாசி மேயும் பிளெனி ஒன்று, இரண்டு ஃபயர் ஃபிஷ், சுத்தம் செய்யும் கிளீனர் இறால் இரண்டு. ஃபயர் ஃபிஷ் திடுக்கிட்டால் எகிறிக் குதிக்கும். மேலே மெல்லிய வலை மூடி போடாவிட்டால் ஒருநாள் காலை சோபாவுக்கு அடியில் கருவாடாகக் கிடைக்கும்.

கடைசியாக ஒரே ஒரு சர்ஜன் மீன், கடைகளில் டாங்க் என்பார்கள். பாசியை மேய்ந்து தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கும், பவளத்தைத் தொடாது. நீல உடலில் மஞ்சள் துடுப்போடு வரும் பவுடர் ப்ளூ இந்தியப் பெருங்கடல் மீன்தான், அதைத்தான் முதலில் காட்டுவார்கள். எவ்வளவு அழகோ அவ்வளவு முன்கோபம், வெள்ளைப்புள்ளி நோயும் உடனே பிடிக்கும். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். 'டோரி' என்று கேட்கும் நீல சர்ஜன் ஓரடி வரை வளரும். ஆறடித் தொட்டி அதற்குக் குறைந்தபட்சம். வரிவரியான கன்விக்ட் நம் கடலிலும் இருப்பது, ஓரளவு சாது, மேய்ச்சலில் கெட்டி.

இத்தனையும் சேர்த்துப் பத்துப் பதினொரு மீன் வரும். "இவ்வளவு பெரிய தொட்டிக்கு இவ்வளவுதானா?" என்று வீட்டில் கேட்பார்கள். ஆமாம், இவ்வளவுதான். கடையில் ஒரு இஞ்சில் நிற்பது வளர்ந்தபின் எத்தனை இஞ்ச் ஆகும் என்பதை வைத்துத்தான் கணக்கு.

மலிவாகக் கிடைக்கும் நீல டாம்சலும், கறுப்பில் மூன்று வெள்ளைப்புள்ளி வைத்த டாமினோவும் பத்து வாங்கிப் போட்டால் தொட்டி நிறைந்துவிடுமே? நிறையும். டாமினோ வளர்ந்தபின் தொட்டியே தனக்குப் பட்டா போட்டது என்று நடந்துகொள்ளும். பிறகு வரும் எந்த மீனையும் வாழவிடாது. பிடித்து வெளியே எடுக்கலாம் என்றால் அத்தனை பாறையையும் கலைத்தாக வேண்டும். மலிவு என்பதற்காக வாங்கக் கூடாத மீன்களில் முதலிடம் இதற்கே.

மாண்டரின் மீனும் கிளீனர் ராஸும் வேறு காரணத்துக்காக வேண்டாம். முன்னது உயிருள்ள நுண்பூச்சியைத் தேடித் தேடித் தின்பது, புதுத் தொட்டியில் பட்டினியால் சாகும். பின்னது மற்ற மீன்களின் உடலில் உள்ள ஒட்டுண்ணியைத் தின்று பிழைப்பது. பத்துப் பதினொரு மீனில் அதற்கு என்ன கிடைக்கும்?

யாரை முதலில் விடுவது? தொட்டியில் உப்புநீர் நிரப்பியதும் யாரையும் விடக் கூடாது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நஞ்சு. அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பாறையில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். சோதனைக் கரைசலில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகே முதல் உயிர். முதலில் சாதுக்கள், இரண்டு மூன்று வார இடைவெளியில் ஒன்றிரண்டாக. க்ளௌன் நடுவில். சர்ஜன் கடைசியில். பிறகு வருபவர் ஏற்கெனவே இருப்பவர்களிடம் அடங்கித்தான் போவார் என்பதால் முரடர்களைக் கடைசியில் விடுவது நல்லது. ஒரே உருவம், ஒரே நிறம், ஒரே தீனி உள்ள இரண்டு மீன் வேண்டாம்.

ஒவ்வொரு புது மீனையும் நான்கு முதல் ஆறு வாரம் தனிச் சிறுதொட்டியில் வைத்துப் பார்க்கச் சொன்னால் பலருக்கு முகம் சுளிக்கும். பவளத் தொட்டிக்காரருக்கு இதைத் தவிர வழியில்லை. வெள்ளைப்புள்ளி நோய்க்கு நம்பகமான மருந்து தாமிரம் கலந்தது. அது பவளத்தையும் இறாலையும் கொன்றுவிடும். நோய் ஒருமுறை பெரிய தொட்டிக்குள் வந்துவிட்டால் அங்கே மருந்து போட முடியாது, எல்லா மீனையும் வலைவீசிப் பிடித்து வெளியே எடுக்க வேண்டும்.

இனிச் சென்னைக்கே உரிய தொல்லைகள். முதலாவது சூடு. தொட்டி 25 முதல் 27 டிகிரியில் இருக்க வேண்டும். கத்திரி வெயிலில் மின்விசிறி மட்டும் உள்ள ஹால் 33 டிகிரிக்குக் குறையாது, பம்பும் விளக்கும் தண்ணீரை இன்னும் சூடாக்கும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளின் கோடையில் கடல்நீர் சூடேறியபோது பவளங்கள் உள்ளிருந்த நுண்பாசியை வெளியேற்றி வெளுத்துப்போயின. கடலிலேயே அந்த நிலை என்றால் கண்ணாடிப் பெட்டிக்குள் சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீர்மேல் சின்ன விசிறி வைத்தால் போதாதா? ஈரம் ஆவியாகும் ஊரில் போதும். கடற்காற்றின் புழுக்கம் உள்ள மயிலாப்பூரிலும் பெசன்ட் நகரிலும் ஒன்றிரண்டு டிகிரிதான் இறங்கும். சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) வாங்கும் பணத்தை மீன் வாங்கும் பணத்துக்கு முன்பே எடுத்து வைத்துவிடுங்கள். சில்லர் வெளியேற்றும் சூடு அதே அறைக்குள் சுற்றாமல் பால்கனிப் பக்கம் போகும்படி வைக்க வேண்டும். மின்கட்டணம் அடுத்த படிநிலைக்கு ஏறும், அதற்கும் தயாராக இருங்கள்.

இரண்டாவது மின்வெட்டு. மின்சாரம் போனால் முதலில் தீர்வது பிராணவாயு, சூடு ஏறுவது அதன்பிறகு. பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு இரண்டு வாங்கி வையுங்கள், அலை உண்டாக்கும் பம்பை வீட்டு இன்வெர்ட்டரில் இணையுங்கள். 2016 டிசம்பர் வர்தா புயலுக்கும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கும் பிறகு நகரின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. ஐப்பசி பிறந்தாலே பேட்டரியைச் சோதித்துக்கொள்வது நல்லது. தரைத்தளத்து வீடு, அதுவும் அடையாற்றங்கரைப் பக்கம் என்றால் மின்கருவிகளை இடுப்புயரத்துக்கு மேலேற்றி வையுங்கள். 2015 வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டாம்.

மூன்றாவது தண்ணீர். கடல் நடைதூரத்தில் இருக்கிறது, கேனில் மொண்டு வந்தால் என்ன? 1909-இல் அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் முயற்சியில் மெரினா கடற்கரையிலேயே கடல் மீன் காட்சியகம் திறந்த ஊர் இது. ஆனால் இன்றைய மெரினா, கூவம் முகத்துவாரத்துக்கும் அடையாறு முகத்துவாரத்துக்கும் நடுவில் கிடக்கிறது, உடைந்த பாலத்தருகே நின்றால் மூக்கே சொல்லிவிடும். போதாததற்கு வடகிழக்குப் பருவமழையில் கடலின் உப்பும் குறையும். வேண்டாம். உப்புக் கலவை வாங்கிக் கலக்குங்கள், லிட்டருக்கு சுமார் 35 கிராம். முதல்முறை இருபது கிலோவுக்கு மேல் ஆகும், பதினைந்து நாளுக்கு ஒருமுறை பத்து சதவீதத் தண்ணீரை மாற்ற சுமார் இரண்டு கிலோ.

கலக்கும் தண்ணீர்? மெட்ரோ வாட்டரில் குளோரின், போர் தண்ணீரில் தாது உப்புகள். ஆர்.ஓ-வோடு டி.ஐ (மிச்ச உப்பையும் நீக்கும் பிசின் வடிகட்டி) சேர்ந்த கருவி வேண்டும், டி.டி.எஸ் மீட்டர் பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். குடிக்கும் கேன் தண்ணீரில் சுவைக்காகத் தாதுக்கள் சேர்ப்பதுண்டு, அதை நம்பாமல் அளந்து பாருங்கள். ஆவியாகிக் குறையும் அளவுக்கு நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். உப்பு ஆவியாவதில்லை, உப்புநீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் தொட்டி உப்பளமாகிவிடும்.

அப்புறம் எடை. நீர், பாறை, மணல், கண்ணாடி, ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஒரு டன், அதுவும் ஒரு சதுர மீட்டர் சொச்ச இடத்தில். இந்தியத் தரநிர்ணய விதிப்படி வீட்டு அறையின் தளம் சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ தாங்கும்படிதான் கணக்கிடப்படுகிறது. அறை முழுக்கப் பரவும் எடை வேறு, ஒரே இடத்தில் நிற்கும் எடை வேறு. நீங்கள் இருப்பது மூன்றாம் மாடி ஃபிளாட், அதுவும் பழைய கட்டடம் என்றால் ஆழம் தெரியாமல் காலை விடாதீர்கள். கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்து, பீம் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டு இடத்தை முடிவு செய்யுங்கள்.

எங்கே வாங்குவது? வண்ண மீனுக்குக் கொளத்தூர். மத்திய சென்னையிலும் தென் சென்னையிலும் கடைகள் உண்டு, ஆனால் வகை பார்க்க அங்கேதான் போக வேண்டும். போனவுடன் காசை நீட்டாதீர்கள். நீங்கள் கேட்கும் மீனுக்குக் கடைக்காரர் உங்கள் கண் முன்னால் தீனி போடட்டும். தின்னாத மீனை வாங்காதீர்கள், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும். வெளிநாட்டு மீன்களில் சில சயனைடு தெளித்துப் பிடித்தவையாக இருக்கலாம். பார்க்கப் பளிச்சென்று இருக்கும், சில வாரத்தில் காரணம் தெரியாமல் சாகும். அதனால் வந்து பத்து நாளாவது கடையில் இருந்த மீனைக் கேளுங்கள், அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் பத்து நாள் கழித்துப் போய் எடுத்தாலும் சரி. பில் கட்டாயம் வாங்குங்கள், அதில் இனத்தின் பெயர் இருக்கட்டும்.

கொளத்தூரிலிருந்து அடையாறுக்குப் போக்குவரத்தில் ஒன்றரை மணி நேரம் ஆகலாம். தெர்மாகோல் பெட்டி எடுத்துக்கொண்டு, சாயங்காலம் போய் வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் பையைத் தண்ணீரில் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமமாக்கி, பிறகு உங்கள் தனிமைத் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். பைத் தண்ணீரை மட்டும் தொட்டிக்குள் ஊற்ற வேண்டாம்.

ஒருநாள் வீடு மாறுவீர்கள், அல்லது அலுத்துப்போகும். அப்போது தொட்டியில் இருப்பவற்றைக் கடைக்காரரிடமோ இன்னொரு தொட்டிக்காரரிடமோ கொடுங்கள். பெசன்ட் நகர் கடற்கரையில் கொண்டுபோய் விடுவது புண்ணியமில்லை. நம் பக்கத்துக் கடலின் லயன் ஃபிஷ் அட்லாண்டிக்கில் புகுந்து, கரீபியன் திட்டுகளின் சிறு மீன்களைத் தின்று தீர்த்துக்கொண்டிருக்கிறது. வளர்ப்பவர்கள் விட்டதிலிருந்துதான் அது பரவியிருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். மண்டபம் பக்கம் வளர்ப்புக்காகக் கொண்டுவந்த காப்பாஃபைகஸ் கடற்பாசி குருசடைத் தீவின் உயிருள்ள பவளங்கள்மேல் படர்ந்து மூடியதும் நடந்திருக்கிறது. மீனையோ பவளத்தையோ பாசியையோ, தொட்டியிலிருந்து எதையும் கடலில் விடாதீர்கள்.